கட்டிங் மாஸ்டரின் நூறு பேர்

கட்டிங் மாஸ்டரிடம் யாரும் ஓர் எண்ணைச் சொல்லிவிட்டுச் சும்மா போய்விட முடியாது. எங்கள் அச்சகத்தில் பில் போடுகிறவருக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஒவ்வொரு மிஷினாக மிட்டாய் கொடுத்துக்கொண்டே வந்தவர், தாள் வெட்டும் கட்டிங் மிஷின் அருகில் நின்று, "மூணே கால் கிலோ அண்ணாச்சி" என்றார்.

மாஸ்டர் மிட்டாயின் தாளைப் பிரித்து, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"துணியோடவா, துணியில்லாமயா?"

"அது கேக்கலையே."

"முள்ளுத் தராசா, நம்பர் விழுற தராசா?"

"நர்ஸம்மா சொன்னாக அண்ணாச்சி. அம்புட்டுதான் தெரியும்."

"அப்ப மூணு கிலோவுக்குக் குறையாதுன்னு சொல்லுங்க. பிள்ள நல்லா இருக்கட்டும்."

பில் போடுகிறவருக்குக் கோபம் வரவில்லை. எல்லோருக்கும் அது பழகியிருந்தது. யார், எங்கே, எதை வைத்து அளந்தது என்று தெரியாத எண்ணுக்கு மாஸ்டர் ஒரு பெயர் வைத்திருந்தார்: அனாதை நம்பர். மழை நாலு சென்டிமீட்டர் என்று செய்தித்தாளில் வந்தால், "மழைமானிய எங்கன வச்சிருக்காக?" என்பார். மகளுக்கு வரன் பார்த்தபோது மாப்பிள்ளை ஆறடி என்று தரகர் சொல்ல, "செருப்பக் கழத்திட்டா?" என்று இவர் கேட்டார் என்றும், அந்தச் சம்பந்தம் அதோடு நின்றுபோனது என்றும் பைண்டிங் பெண்கள் சொல்வார்கள். அந்த மகளே அதைச் சொல்லிச் சிரித்ததை நான் கேட்டிருக்கிறேன்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. இன்ஸ்ட்ருமென்டேஷன் படித்து முடித்திருந்தேன். கல்லூரியில் தேர்வான வேலைக்கு உத்தரவு வராமல் இழுத்துக்கொண்டிருந்த பதினான்கு மாதங்கள், விருதுநகரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து சிவகாசியில் அந்த அச்சகத்தில் அச்சுத் தகடு தயாரிக்கும் பிளேட் செக்ஷனில் வேலை பார்த்தேன். எதையும் வரிசை எண் போட்டு எழுதிவைக்கும் பழக்கம் எனக்குச் சிறுவயதிலிருந்தே உண்டு. அங்கே இருந்த எழுபது பேரில் மாஸ்டர்மேல் மட்டும் என் கண் போய்க்கொண்டிருந்ததற்கு அதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

ஐம்பதைத் தாண்டியவர். குள்ளம். சட்டைப் பையில் எப்போதும் ஆறு அங்குல ஸ்டீல் ஸ்கேல், அதன் ஓரம் தேய்த்துத் தேய்த்துத் துணியில் ஒரு கோடு. ஒரு கட்டுத் தாளை மிஷினில் வைக்குமுன் உள்ளங்கையால் மேலே தடவிப் பார்ப்பார். காய்ச்சல் அடிக்கிறதா என்று பார்ப்பதுபோல இருக்கும். காலண்டர் சீசனில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் குடோனிலிருந்து வந்த தாளை உடனே வெட்டவே மாட்டார். அறைக்குள் ஒரு நாள் காற்றாட வைக்கச் சொல்வார்.

"லாரி நிக்குது மாஸ்டர்! வடக்க போற ஆர்டரு!" என்று மேனேஜர் கத்துவார்.

"பேப்பரு மழையக் குடிச்சிருக்கு. இப்ப வெட்டினா நாளைக்கு வேற சைசு. லாரி நிக்கட்டும், லாரி சுருங்காது."

அவருடைய பட்டியல்களை நான் பார்த்தது தற்செயலாகத்தான். கட்டிங் மிஷினுக்குப் பின்னால் ஒரு தகர அலமாரி இருந்தது. பிளேட் அளவு கேட்கப் போனவள், அதன் கதவு திறந்திருந்ததால் உள்ளே எட்டிப் பார்த்தேன். அச்சு ஓட்டத் தொடங்கும்போது கலர் சரியாக விழும்வரை பழைய தாள்களையே திரும்பத் திரும்ப மிஷினில் விடுவார்கள். ஒரே தாளில் முருகன்மேல் நகைக்கடையும் நகைக்கடைமேல் உர மூட்டையும் விழுந்திருக்கும். அந்தக் கழிவுத் தாள்களின் வெள்ளைப் பின்புறத்தில், பொடிப் பொடியான கையெழுத்தில், ஒவ்வொன்றிலும் நூறு வரிகள். வரிசை எண், பெயர், நாடு, மணி, நிமிடம், விநாடி. தலைப்பில் ஒரு பத்தாண்டு.

மாரத்தான் ஓட்டத்தில், அந்தப் பத்தாண்டு முடியும்வரை உலகத்தில் யாரெல்லாம் மிக வேகமாக ஓடியிருக்கிறார்களோ, அந்த நூறு பேர். விவரமெல்லாம் எங்கிருந்து கிடைத்தது என்று கேட்டேன். வெளிநாட்டிலிருந்து கட்டுக்கட்டாக வரும் பழைய பேப்பரில் விளையாட்டுப் புத்தகம் தென்பட்டால், பேப்பர்க் கடை பாய் இவருக்கென்று எடுத்து வைப்பாராம்.

"ஏன் மாஸ்டர் மாரத்தான்? நூறு மீட்டர் ஓட்டம் இல்லையா?"

"நூறு மீட்டரு மைதானத்துக்குள்ள முடிஞ்சிரும் பாப்பா. எவனும் சரியா அளந்துருவான். இது ரோடு. நாப்பத்திரெண்டு கிலோமீட்டரு, நூத்தித் தொண்ணூத்தஞ்சு மீட்டரு. மேடு இருக்கு, பள்ளம் இருக்கு, வளைவு இருக்கு. இத அளக்குறதுதான் பெருசு. ஓடுறது அப்பறம்."

"நீங்க ஓடியிருக்கீகளா?"

"நானா? பஸ்ஸு கிளம்பினாக்கூட ஓட மாட்டேன். அடுத்த பஸ்ஸு வரும்ல."

ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் மிஷின் மையைத் தொட்டு ஒரு புள்ளி வைத்திருந்தார். ஜப்பானுக்கு மெஜந்தா என்கிற ரோஸ். கென்யாவுக்கு சயான் என்கிற நீலம். எத்தியோப்பியாவுக்கு மஞ்சள். மற்ற எல்லோருக்கும் கருப்பு. மதியச் சாப்பாட்டு நேரத்தில் அந்தத் தாள்களை வெட்டு மேசையில் வரிசையாகப் பரப்பிப் பார்த்தேன். அறுபதுகளின் தாளில் கருப்பும் மெஜந்தாவும்தான்: இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, ஜப்பான். நடுநடுவே ஒன்றிரண்டு மஞ்சள். எண்பதுகளில் கருப்புக்குள் புதுப்புது நாடுகள்: போர்ச்சுகல், தான்சானியா, நான் வரைபடத்தில் தேடிப் பார்த்த ஜிபூட்டி. தொண்ணூறுகளில் மெக்சிகோ, பிரேசில், ஸ்பெயின், கொரியா. அங்கிருந்து சயான் மேலிருந்து இறங்கத் தொடங்குகிறது. கூடவே மஞ்சள். கடைசித் தாளில் கருப்பைத் தேடித்தான் பார்க்க வேண்டும். நாலடி தள்ளி நின்று பார்த்தால் நீலமும் மஞ்சளும் கலந்து தாள் முழுவதும் பச்சையாகத் தெரிந்தது.

பெண்களின் தாள்கள் வேறு மாதிரி. அறுபதுகளில் தலைப்புக்குக் கீழே சில வரிகள்தான். பாக்கி இடம் வெறுமை. ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மாரத்தான் வந்ததே எண்பதுகளில்தான். அதன்பின் அவர்கள் வந்த வேகத்தில், ஒரு தாளில் முதலிடத்தில் இருந்தவளை அடுத்த தாளில் கீழ்ப்பாதியில் தேட வேண்டியிருந்தது.

மாஸ்டருக்கு முதலிடத்தில் பெரிய ஆர்வம் இல்லை. நூறாவது வரியைத்தான் பார்ப்பார். புதிதாக ஒருவர் உள்ளே வந்தால் நூறாவது ஆள் வெளியே போக வேண்டும். அப்படிப் போனவர்களை ரப்பர் வைத்து அழிக்காமல், தனித் தாளில் எழுதி வந்தார். அதுதான் இருப்பதிலேயே நீளமான பட்டியல்.

"இத எதுக்கு எழுதுறீக? யாரு பாக்கப் போறாக?"

"இவன் என்ன தப்புப் பண்ணினான்? அன்னைக்கு ஓடினத விட ஒரு விநாடி மெதுவா ஓடினானா? வீட்டுல சும்மா உக்காந்திருக்கான். லிஸ்டு அவனக் கீழ தள்ளிக்கிட்டே இருக்கு. எப்பிடிப் போனான்னு யாராவது எழுதி வைக்கணும்ல."

எனக்கு அது புதிதாக இருந்தது. ஷூ மாறியது, உணவு மாறியது, பந்தயங்கள் பெருகின, ஒரு மலைநாட்டுப் பிள்ளைகள் ஓட்டத்தையே பிழைப்பாக எடுத்தார்கள். காரணங்களை நான் வரிசை எண் போட்டு எழுதிக் காட்டினேன். பன்னிரண்டு வந்தது. அவர் படித்துவிட்டு, "பதிமூணு" என்றார். "தூரத்தச் சரியா அளக்க ஆரம்பிச்சாக. அதுல சில பேரு காணாமப் போயிட்டாக." அமெரிக்காவில் ஒரு பெரிய நகரத்துப் பந்தயத்தில் உலகத்திலேயே வேகமான நேரம் என்று அறிவித்துவிட்டு, பிறகு அளந்து பார்த்தால் சாலை நூற்றைம்பது மீட்டர்போலக் குறைந்திருந்ததாம். அந்த நேரம் பட்டியலிலிருந்து போய்விட்டது. அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு திருப்தி தெரிந்தது.

எங்கள் ஊர்ப்பக்கமும் ஒரு மாரத்தான் இருந்தது. பட்டாசு, அச்சகத் தொழிலாளர்கள் சிலர் சேர்ந்து ஒரு குழு வைத்து நடத்தினார்கள். தீபாவளி முடிந்து பட்டாசுக் கம்பெனிகள் மூடிக் கிடக்கும் நாட்களில் ஒரு ஞாயிறு விடியலில், சிவகாசி எல்லையில் தொடங்கி, தாயில்பட்டி வழியாக ஏழாயிரம்பண்ணைக்கு அருகே ஒரு திருப்பம் வரை போய், அதே வழியில் திரும்பி வருவார்கள். ஓடி முடித்தவர்களுக்கு எங்கள் அச்சகத்தில் அடித்த சர்டிபிகேட். அதில் 42.195 கி.மீ. என்று இருக்கும். கீழே, 'தூரம் சரிபார்த்தவர்' என்ற இடத்தில் மாஸ்டரின் கையெழுத்து. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் அந்தச் சாலையை அளந்தவர் அவர். உள்ளூர் பட்டியலும் அவரிடம்தான்.

பெண்கள் பட்டியலில் முதல் பெயர் செல்வி. தாயில்பட்டிக்காரி. பட்டாசுக் கம்பெனியில் தரைச்சக்கரத்துக்கு மருந்து செலுத்தும் வேலை. கம்பெனி வேனில் ஏறினால் வாந்தி வரும் என்பதால் ஆறு கிலோமீட்டரும் ஓடியே வேலைக்குப் போய்ப் பழகியவள். அப்படி ஓடத் தெரிந்துகொண்டு, இருபத்தாறு வயதில் இந்த மாரத்தானை மூன்று மணி நாற்பத்தொரு நிமிடத்தில் முடித்தாள். பத்து ஆண்டுகளாக அந்த வரியை யாரும் தாண்டவில்லை.

நான் அங்கே இருந்த ஆண்டு, அவள் வேலை செய்த இடத்துக்கு இரண்டு புஞ்சைக்காடு தள்ளி ஒரு வெடிமருந்து அறை வெடித்தது. அன்றைக்கு அவள் வேலைக்குப் போகவில்லையாம். அதே மாதம், டவுனில் ஒரு தனியார் பள்ளி பெண்பிள்ளைகளுக்கு ஓட்டம் பழக்க ஆள் தேடியது. பட்டம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, முழு மாரத்தானை நாலு மணி நேரத்துக்குள் ஓடிய சான்று வேண்டும்; அரையாண்டு விடுமுறைக்குள் கொடுத்தால் போதும் என்றார்கள். செல்விக்கு அது தனக்கென்றே போட்ட விளம்பரம்போல இருந்திருக்க வேண்டும்.

இதற்கு நடுவில்தான் நான் புகுந்தேன். எங்கள் பந்தயத்தின் நேரங்களை வெளியூர்ப் பந்தயங்களும் ஏற்க வேண்டும் என்று குழுவுக்கு ஆசை. அதற்குச் சாலையைச் சைக்கிளால் அளந்திருக்க வேண்டும். ஸ்டீல் டேப்பால் அளந்த ஒரு நேர்கோட்டில் சைக்கிளை ஓட்டி, சக்கரத்தின் ஒரு சுற்று எவ்வளவு தூரம் என்று கண்டுபிடித்து, பிறகு முழுச் சாலையிலும் சுற்றுகளை எண்ணுவது முறை. சக்கரத்தில் ஒரு காந்தமும் ஒரு கவுன்டரும் பொருத்தினேன். ஆடி மாதத்து ஞாயிறு ஒன்றில், வெயில் ஏறி டயர் விரியுமுன் முடிக்கலாம் என்று விடியலில் கிளம்பினேன். மாஸ்டர் மொபெட்டில் சிவப்புத் துணியைக் கட்டிக்கொண்டு பின்னால் வந்தார். திரும்பி வந்து நேர்கோட்டில் மறுபடி சரிபார்த்துக் கணக்குப் போட்டேன்.

சாலை நானூற்றிருபது மீட்டர் குறைந்தது.

"ஒன் சைக்கிளு தப்பு" என்றார் மாஸ்டர்.

அடுத்த ஞாயிறும் அளந்தேன். நானூற்றுப் பதினெட்டு வந்தது.

மாஸ்டர் வீட்டுக்குப் போய், பாலிதீன் பையில் சுற்றிய ஒரு கயிற்றுச் சுருளை எடுத்து வந்தார். இருபத்தைந்து ஆண்டுகளாக வைத்திருக்கிறார். அணுகுண்டு வெடிக்குச் சுற்றும் சணலை மூன்று புரியாக முறுக்கியது. அச்சகத்தின் சிமென்ட் தரையில் ஒரு மீட்டர் ஸ்டீல் ஸ்கேலை ஐம்பது முறை வைத்துக் குறித்து, இரண்டு முனையிலும் முடிச்சுப் போட்டதாம். இதைப் பிடித்துக்கொண்டு இவரும் ஒரு நண்பரும் திருப்பம் வரை நானூற்றுச் சொச்சம் தடவை அளந்தார்கள். திரும்பி வரும் தூரத்துக்கு அதையே இரட்டிப்பாக்கினார்கள்.

அச்சகத்தின் நீண்ட நடையில் கயிற்றை நீட்டி, என் ஸ்டீல் டேப்பை அருகில் வைத்தேன். சரியாக ஐம்பது மீட்டர். ஒரு விரல்கூடக் குறையவில்லை.

"பாத்தியா?" என்றார். பைண்டிங் பெண்கள் கை தட்டினார்கள். "மாஸ்டர்கிட்டயா!" என்றாள் ஒருத்தி.

எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை என்று சொன்னால் மிகை. ஆனால் பஸ்ஸில் விருதுநகர் போய்ச் சேரும்வரை அதே யோசனை. கயிறு சரி. சைக்கிள் சரி. சாலை மட்டும் எப்படிக் குறையும்? மறுநாள் காலை வந்ததும் கேட்டேன்.

"எந்த மாசம் அளந்தீக மாஸ்டர்?"

"கம்பெனி மூடியிருக்கையிலதான். அப்பதான் கூட வந்தவனுக்கு லீவு. தீபாவளி முடிஞ்சு ஒரு வாரம் இருக்கும்."

"மழையா?"

"தூத்திக்கிட்டேதான் இருந்துச்சு. சாக்கத் தலைல போட்டுக்கிட்டு…"

அங்கேயே நிறுத்திவிட்டார். நான் வாளியில் தண்ணீர் பிடித்து, கயிற்றை முழுதாக முக்கி எடுத்து, மறுபடி நடையில் நீட்டினேன். முடிச்சு என் டேப்பில் நாற்பத்தொன்பதரையில் வந்து நின்றது.

தாள் மழை ஈரத்தில் விரியும். அது அவருக்குத் தெரியும். அதற்காக லாரிகளை நிறுத்தியவர். நனைந்த சணல் முறுக்கேறிச் சுருங்கும் என்பது மட்டும் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. குனிந்து ஈர முடிச்சைத் தொட்டுப் பார்த்தார். பிறகு டேப்பைப் பார்த்தார். "வாளியக் கொட்டிரு பாப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு மிஷினுக்குப் போனார்.

விஷயத்தை அவர் மறைக்கவில்லை. அன்று மாலையே குழுவிடம் போய்ச் சொன்னார். ஊர் சும்மா விடுமா? ஆண்கள் பட்டியலில் முன்னால் இருந்த லாரி புக்கிங் ஆபீஸ்காரர் அச்சக வாசலுக்கே வந்துவிட்டார். "மாரத்தான் ஓடினவன்னு சொல்லித்தான்யா எனக்குப் பொண்ணு குடுத்தாக. இப்ப மாமனார்கிட்டப் போயி, நாப்பத்தொன்னே முக்கால் ஓடினவன்னு சொல்லவா?" டீக்கடையில், "இருபத்தஞ்சு வருசமா கயிறு திரிச்சிருக்காருய்யா" என்றார்கள். மாஸ்டர் டீயைக் குடித்துவிட்டு, "புரி மூணு" என்றார்.

பழைய பட்டியலை அவர் கிழிக்கவில்லை. தலைப்பில் 42.195ஐ அடித்து, 41.775 என்று எழுதி, பக்கத்தில் 'நனைந்த கயிறு' என்று குறித்தார். புதிய தாள் ஒன்றை எடுத்து, ஒன்று முதல் எண் போட்டு, காலியாக அலமாரியில் ஒட்டினார்.

செல்வி வந்தது ஒரு மதிய நேரம். கையில் பள்ளியின் விண்ணப்பம். விரல் இடுக்குகளில் அலுமினியத் தூளின் வெள்ளி மினுப்பு கழுவியும் போகாமல் இருந்தது.

"அண்ணாச்சி, சாப்பிட்டீகளா? இதுல தூரம் சரின்னு ஒரு கையெழுத்து. முன்னாடி போட்டதுதானே, இன்னொரு தடவ போடுங்க."

"அன்னைக்குத் தெரியாது செல்வி. இன்னைக்குத் தெரியும்."

"ஊருக்குத் தெரியும். பள்ளிக்கூடத்துக்குத் தெரியாதுல்ல?"

மாஸ்டர் முடியாது என்று தலையை ஆட்டினார். நான் குறுக்கே புகுந்தேன். முந்தின நாளே கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அவள் ஓடிய வேகத்துக்கு, குறைந்த நானூற்றிருபது மீட்டருக்கு இரண்டு நிமிடம் பதின்மூன்று விநாடி. தாராளமாக மூன்று நிமிடம் சேர்த்தாலும் மூன்று நாற்பத்துநாலு. நாலு மணிக்கு எவ்வளவோ உள்ளே.

"ஓடாத ரோட்டுக்கு எப்பிடிப் பாப்பா நேரம் போட? கடைசி நானூறுல சுளுக்கிக்கிட்டு உக்காந்தவுக எத்தன பேரு."

"நான் உக்கார மாட்டேன்னு ஒங்களுக்குத் தெரியும்" என்றாள் செல்வி.

"தெரியும். எழுத முடியாது."

அவள் குரல் உயரவில்லை. "தப்பா அளந்தது நீங்க. ஓடினது நான். தண்டன எனக்கா அண்ணாச்சி?"

"தப்பு என்னோடதுன்னு கடுதாசி எழுதித் தாறேன். நானே பள்ளிக்கூடத்துல வந்து சொல்றேன்."

"கடுதாசிக்கா வேல குடுப்பாக? ஒங்க மக அந்த மருந்து ரூமுல உக்காந்திருந்தா இந்தக் கணக்குப் பாப்பீகளா?"

அவள் விண்ணப்பத்தை மடித்துக்கொண்டு போய்விட்டாள். அவள் போன பக்கம் என்னால் பார்க்க முடியவில்லை. வாளியில் தண்ணீர் பிடித்தவள் நான்தான். அன்று சாயங்காலம் மாஸ்டர் ஒரு கட்டுத் தாளை அரை அங்குலம் தள்ளி வெட்டிவிட்டார். அந்தப் பதினான்கு மாதங்களில் அவர் தப்பாக வெட்டி நான் பார்த்தது அது ஒன்றுதான்.

சொன்னபடி பள்ளிக்கும் போனார். நிர்வாகி மரியாதையாக உட்கார வைத்து, காபி கொடுத்து, சான்று வந்ததும் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார். இனி ஒரே வழிதான் இருந்தது. அந்தத் தீபாவளிக்குப் பிந்தைய ஓட்டத்தில், முப்பத்தாறு வயதில், செல்வி மறுபடி ஓட வேண்டும். அவள் மூன்று மாதமாக, வேலைக்குப் போகும் ஆறு கிலோமீட்டரோடு நிற்காமல் ஆனைக்குட்டம் வரை போய்த் திரும்புகிறாள் என்று கேள்விப்பட்டோம். மாஸ்டரை எங்கே பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள் என்றும்.

அந்தத் தீபாவளிக்குச் சற்று முன்னால்தான், உலகத்தில் முதல்முறையாக ஒருவர் மாரத்தான் தூரத்தை இரண்டு மணி நேரத்துக்குள் ஓடினார். காற்றை மறைக்க ஆட்கள் மாறி மாறி முன்னால் ஓட, வண்டி ஒன்று வேகம் காட்ட, பந்தயமாக இல்லாமல் அதற்கென்றே ஏற்பாடு செய்த ஓட்டம். அதனால் சாதனைப் பட்டியலில் அதற்கு இடமில்லை. போனில் நான் அதைக் காட்டியபோது மாஸ்டர் முழுவதும் பார்த்தார். "என்னா அழகா ஓடுறான்" என்றார். பட்டியல் தாளை எடுக்கவில்லை. அந்த அழகைப் பார்த்த பிறகும் கை பட்டியல் பக்கம் போகாத மனிதர் செல்விக்கு எப்படிக் கையெழுத்துப் போடுவார் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

ஓட்டத்தன்று தூறல். திருப்பத்தைத் தள்ளி வைக்கலாம் என்றால் அங்கே பாலத்து வேலை நடந்துகொண்டிருந்தது. ஆகவே முடிவுக் கோட்டைத்தான் நானூற்றிருபது மீட்டர் தள்ளி, நேர்ச் சாலையின் கடைசியில் வைத்தோம். அங்கே நானும் மாஸ்டரும் ஆளுக்கொரு ஸ்டாப்வாட்சோடு நின்றோம். பழைய கோடு இருந்த இடம் எங்களுக்கு நேராகத் தெரிந்தது. தாயில்பட்டிப் பெண்கள் வேன் பிடித்து வந்து, பழக்கத்தில், பழைய கோட்டருகிலேயே கூடியிருந்தார்கள். தண்ணீர்க் குடம், மேளம், மாலை எல்லாம் அங்கே.

மூன்று மணி ஐம்பத்தாறாவது நிமிடத்தில் செல்வியின் மஞ்சள் பனியன் தூரத்தில் தெரிந்தது. மேளம் எழுந்தது. "வந்துட்டா! வந்துட்டா!" என்று பெண்கள் சாலையில் இறங்கினார்கள். பழைய கோட்டில் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி மாலையைப் போட்டாள். ஒருத்தி தலையில் தண்ணீரை ஊற்றினாள். கூட்டத்துக்குள் அந்த மஞ்சள் நின்றுவிட்டது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தாள்.

"மாஸ்டர், நின்னுட்டாக! போயிச் சொல்லட்டுமா?"

"நகராத."

"அவுகளுக்கு மறந்திருச்சு மாஸ்டர்!"

"வாட்ச் ரெண்டு வேணும். நகராத பாப்பா." அவர் கண் வாட்சில்தான் இருந்தது. அந்தக் கணத்தில் எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

எத்தனை விநாடி என்று எனக்குத் தெரியும், பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்: பதினேழு. பிறகு கூட்டம் கிழிந்தது. மாலையைக் கழற்றி யார்மேலோ எறிந்துவிட்டு, இரண்டு கையாலும் பெண்களை விலக்கிக்கொண்டு செல்வி வந்தாள். ஓட்டம் என்று அதைச் சொல்ல முடியாது. ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு வந்தாள். தாயில்பட்டிப் பெண்களுக்கு விஷயம் அப்போதுதான் புரிந்து, மேளத்தை விட்டுவிட்டு அவள் பின்னாலேயே சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்கள். கோட்டைத் தாண்டியதும் செல்வி ஈரத் தார்ச் சாலையில் அப்படியே படுத்துக்கொண்டாள்.

"ஒன்னோடது?" என்றார் மாஸ்டர்.

"மூணு, அம்பத்தொம்பது, நாப்பத்தெட்டு."

"என்னோடது அம்பத்தொன்னு." இரண்டு வாட்ச் வேறுபட்டால் அதிகமானதுதான் கணக்கு. அவர் ஐம்பத்தொன்றை எழுதினார். நாலு மணிக்கு ஒன்பது விநாடி குறைவு. அங்கேயே, குடைக்குக் கீழே, சர்டிபிகேட்டை நிரப்பி, தூரம் சரிபார்த்தவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டு, அவள் அருகில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து நீட்டினார். அவள் படுத்தபடியே வாங்கி, முகத்துக்கு நேராகப் பிடித்துப் படித்தாள்.

"மூணு நாப்பத்தொன்னு இனிமே எனக்கு வராது அண்ணாச்சி. அத எடுத்துட்டீக."

"ஆமா" என்றார் மாஸ்டர்.

அவளுக்கு வேலை கிடைத்தது. அவரோடு பேச்சு மட்டும் நின்றுபோனது. பள்ளியில் அவளிடம் ஓட்டம் பழகிய பெண்கள் பதினெட்டு முடிந்ததும் இந்த ஓட்டத்துக்கு வரத் தொடங்கினார்கள். அவர்கள் சர்டிபிகேட் வாங்க மாஸ்டரிடம் வரும்போது, அவள் தெரு முனையிலேயே நின்றுகொள்வாளாம். மூன்று ஆண்டுகள் அப்படி. நாலாம் ஆண்டு, ஒரு பெண்ணின் நேரத்தில் சந்தேகம் வந்து, தானே உள்ளே போய்ச் சண்டை போட்டிருக்கிறாள். சண்டை போட வேண்டுமானால் பேசித்தானே ஆக வேண்டும்.

நான் இப்போது சென்னையில் ஓர் ஆய்வகத்தில் நீர் ஓட்டமானிகளைச் சரிபார்த்துச் சான்று கொடுக்கிறேன். மாஸ்டர் வருடத்தில் ஒரு முறை, ஓட்டம் முடிந்த அன்று, எனக்குப் போன் செய்வார். நலம் விசாரிப்பதெல்லாம் கிடையாது. இந்த முறையும் எடுத்த எடுப்பில் ஆரம்பித்தார்.

"பாப்பா, செல்வி அஞ்சாவதுக்குப் போயிட்டா. புதுசா ஒரு பிள்ள, மூணு முப்பத்தெட்டு. ரெண்டு வாட்சும் ஒன்னுபோல."

"மேல இருக்கிற நாலு பேரும் யாரு மாஸ்டர்?"

"மூணு பேரு அவகிட்டப் படிச்சதுக. ஒருத்தி மதுரைக்காரி."

"செல்விக்கா என்ன சொல்றாக?"

"இங்கனதான் நிக்கா. ஓட்டம் முடிஞ்சதுல இருந்து லிஸ்டப் புடுங்கிப் புடுங்கிப் பாத்துக்கிட்டு இருக்கா. தாளே கசங்கிப் போச்சு."

போனுக்கு அப்பாலிருந்து அவள் குரல் கேட்டது. "நான் ஆறாவதுக்குப் போற வருசமும் அடுத்ததுதான்னு சொல்லுங்க அண்ணாச்சி! தைல பதினெட்டு முடியுது இன்னொருத்திக்கு. இப்பவே எழுதி வச்சுக்கிடச் சொல்லுங்க!"

"ஓடட்டும்" என்றார் மாஸ்டர், என்னிடமா அவளிடமா என்று தெரியாமல். "ஓடினப்பறம் எழுதுவோம்."